கேம்பஸில் பனிக்கால உப்பைக் குறைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பனி உருகி இரண்டு நாள் ஆன பிறகும் நூலக வாசலில் நடந்தால் காலடியில் நறநறவென்று உப்பு நெரிபடும். குளிர் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்களுக்கும் வேலை பார்ப்பவர்களுக்கும் பழகிப்போன சத்தம் இது. காய்ந்த தரையில் கிடக்கும் அந்த உப்பு எதையும் உருக்கவில்லை. தேவைக்கு மேல் விழுந்தது, அவ்வளவுதான். அடுத்த மழையில் அப்படியே வடிகாலுக்குள் போய்விடும்.

ஒரு வளாகத்தின் பனி வாரும் குழுவில் சில குளிர்காலங்கள் வேலை பார்த்திருக்கிறேன். சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த பயிற்சி ஒரே வரி: "தரை வெள்ளையாகத் தெரியும்வரை போடு." யாராவது வழுக்கி விழுந்துவிடுவார்களோ என்ற பயத்தில் சொன்னது. பயம் நியாயம்தான். ஆனால் உப்பு வீணாவது பெரும்பாலும் மூன்று வழிகளில்: பனியை வாராமல் போடுவது, அளக்காமல் போடுவது, உப்பு வேலை செய்யாத குளிரில் போடுவது. இந்த மூன்றையும் நிறுத்தினால் ஒருவரும் கூடுதலாக விழப்போவதில்லை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் தன் இரட்டை நகர (மினியாபோலிஸ், செயின்ட் பால்) வளாகத்தில் 2006 வாக்கில் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கருவிகளையும் சரிசெய்தது. போடும் உப்பின் அளவு ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. பயிற்சிக்குப் போட்ட பணம் முதல் குளிர்காலத்திலேயே திரும்பி வந்துவிட்டது.

முதலில், உப்பு போய்ச் சேரும் இடம்

சாலை உப்பு என்பது சோடியம் குளோரைடு. எடையில் சுமார் 61 சதவீதம் குளோரைடு. தண்ணீரில் கரைந்த குளோரைடை மண் பிடித்து வைக்காது, செடி தின்று தீர்க்காது, வழக்கமான நீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் பிரிக்காது. நன்னீர் உயிர்களுக்கு நீண்ட காலம் தாங்கக்கூடிய அளவாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1988-இல் வைத்த வரம்பு லிட்டருக்கு 230 மில்லிகிராம். கனடாவின் வழிகாட்டு அளவு இன்னும் கறார், 120 மில்லிகிராம்.

ஒரு சின்னக் கணக்கு. 25 கிலோ உப்பு மூட்டையில் சுமார் 15 கிலோ குளோரைடு இருக்கிறது. அந்த ஒரு மூட்டை 65,000 லிட்டர் நல்ல தண்ணீரை 230 மில்லிகிராம் வரம்புக்குக் கொண்டுபோய்விடும். உங்கள் கிடங்கில் எத்தனை மூட்டை அடுக்கியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

வளாகத்துக்குள்ளேயே சேதம் தெரியும். சோடியம் மண்ணிலிருக்கும் கால்சியத்தை இடம்பெயர்த்து மண்ணை இறுக்கிவிடுவதால் நடைபாதை ஓரப் புல் கருகும். கான்கிரீட் படிகளின் விளிம்பு செதில் செதிலாக உரியும். கதவின் கீழ்க் கீல் துருப்பிடிக்கும். உள்ளே தரை துடைப்பவர்களிடம் கேளுங்கள், எந்த வாசலில் உப்பு அதிகம் என்று பராமரிப்பு அலுவலகத்தைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

படி 1: போன வருடக் கணக்கை எடுங்கள்

எத்தனை டன் வாங்கினோம் என்பது பில்லில் இருக்கும். எங்கே, எப்போது, எவ்வளவு போட்டோம் என்பது பெரும்பாலும் எங்கும் இருக்காது. ஆகவே இந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு பதிவேடு போடுங்கள். தேதி, நேரம், இடம், தரை வெப்பநிலை, என்ன போட்டோம், எத்தனை கிலோ, யார் போட்டது. ஏழு கட்டம் போதும். அதற்கு மேல் கேட்டால் காலை நான்கு மணிக்கு விரல் விறைத்துப்போய் நிற்கும் ஒருவர் அதை நிரப்பப் போவதில்லை.

வருடங்களை ஒப்பிடும்போது வெறும் டன்னை ஒப்பிடாதீர்கள். பனி குறைவாகப் பெய்த வருடத்தில் உப்பும் குறைவாகத்தான் ஆகும், அதை வைத்து மார்தட்டிக்கொள்ள முடியாது. ஒரு பனிப்பொழிவுக்கு, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

படி 2: வளாகத்தைக் காலால் அளந்து வரைபடம் போடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. பலரும் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான்.

முதலில் பாதைகளைத் தரம் பிரியுங்கள். மருத்துவ மையம், சக்கர நாற்காலிச் சரிவுகள், பேருந்து நிறுத்தம், முக்கிய வாசல்கள், அவசர வண்டி போகும் வழி ஆகியவை எந்நேரமும் சுத்தமாக இருக்க வேண்டும். வகுப்புக் கட்டடங்களுக்கு நடுவே உள்ள பெரிய நடைபாதைகள் முதல் வகுப்புக்கு முன் தயாராக வேண்டும். மற்றவை பகலில் பார்த்துக்கொள்ளலாம். ஒரே வாசலுக்கு மூன்று படிக்கட்டு இருந்தால் இரண்டைச் சங்கிலி போட்டு மூடிவிடுங்கள். அருகில் சரிவுப் பாதை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு மூட வேண்டும். கார் நிறுத்துமிடத்தில் கடைசி நான்கு வரிசை எப்போதும் காலியாகவே கிடந்தால் குளிர்காலம் முடியும்வரை அதை அடைத்துவிடலாம். மூடிய இடத்துக்கு உப்பு வேண்டாம்.

அப்புறம், வெயில் அடிக்கும் ஒரு மதிய நேரத்தில், பனி உருகும்போது நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்று கவனியுங்கள். எங்கள் வளாகத்தில் நூலகத்தின் பின்பக்கப் படிக்கட்டு ஒன்று இருந்தது. தினமும் உப்பு, தினமும் ஐஸ். கூரையிலிருந்து இறங்கும் தண்ணீர்க் குழாயின் வாய் படிக்கு மேலே இரண்டடி தள்ளித் திறந்திருந்தது. மதியம் கூரைப் பனி உருகிச் சொட்டும், மாலை ஐந்து மணிக்குமேல் உறையும், காலையில் நாங்கள் வாளியோடு போவோம். கடைசியில் அந்தக் குழாயை மூன்று மீட்டர் நீட்டிப் புல்வெளிப் பக்கம் திருப்பினார்கள். ஒரு தச்சருக்கு அரை நாள் வேலை. அதற்கப்புறம் அந்தப் படிக்கு வாளி போனதே அபூர்வம்.

இப்படிப்பட்ட இடங்கள் எந்த வளாகத்திலும் இருக்கும். குழாய் வாய், பள்ளமான நடைபாதைக் கல், அடைத்துக்கொண்ட வடிகால், மேட்டில் குவித்த பனிக் குவியல். கடைசியாகச் சொன்னது நாமே செய்துகொள்வது. வாரிய பனியை மேட்டுப் பக்கம் குவித்தால் அது பகலில் உருகி, நடைபாதையைக் கடந்து ஓடி, இரவில் உறைந்துவிடும். பள்ளப் பக்கம், வடிகாலுக்குச் சற்றுத் தள்ளிக் குவியுங்கள். எங்கே குவிப்பது என்பதைப் பனி விழுவதற்கு முன்பே வரைபடத்தில் குறித்துவிட வேண்டும். விழுந்த பிறகு யாருக்கும் யோசிக்க நேரம் இருக்காது.

படி 3: காற்றை விடுங்கள், தரையை அளங்கள்

கைபேசியில் தெரிவது காற்றின் வெப்பநிலை. உப்பு வேலை செய்வது தரையில். வெயில் பட்ட தார்ச்சாலை காற்றைவிடச் சில டிகிரி சூடாக இருக்கலாம்; பாலத்தின் மேல்தளமும் நிழல் விழும் வடக்குச் சுவர் ஓரமும் அதே நேரத்தில் உறைந்துகிடக்கும். தரையைத் தொடாமலே அதன் வெப்பநிலையைக் காட்டும் கையடக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்றைக் குழுவுக்கு ஒன்றாக வாங்கிக்கொடுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் அதை வாங்குங்கள்.

காரணம் இந்தக் கணக்கு. தரை மைனஸ் 1 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது ஒரு கிலோ உப்பு சுமார் 46 கிலோ ஐஸை உருக்கும், அதுவும் ஐந்தே நிமிடத்தில் வேலையைக் காட்டும். மைனஸ் 4-இல் அதே ஒரு கிலோ 14 கிலோவைத்தான் உருக்கும். மைனஸ் 7-இல் 8 அல்லது 9 கிலோ. மைனஸ் 9-ஐத் தொடும்போது 6 கிலோ, அதற்கும் ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்குக் கீழே உலர் உப்பு கிட்டத்தட்ட வெறும் கல். மைனஸ் 12-இல் உப்பு போட்டுவிட்டு, வேலை செய்யவில்லையே என்று இன்னும் கொஞ்சம் போடுகிறோமே, அங்கேதான் மூட்டை மூட்டையாகப் போகிறது.

படி 4: தூவும் கருவியை அளவு திருத்துங்கள்

நடைபாதைக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 20 கிராம் வரை போதும். உப்பு மணிகளுக்கு நடுவே ஏழெட்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் அதுதான் சரியான அளவு. முதல்முறை பார்ப்பவர்களுக்கு "இவ்வளவுதானா?" என்று தோன்றும். மணி இருக்கும் இடத்தைச் சுற்றிலும் கரைசல் பரவி அடியில் புகுந்து ஐஸைத் தரையிலிருந்து பிரிக்கும், எல்லா இடத்தையும் மூட வேண்டியதில்லை.

உங்கள் கருவி எவ்வளவு தூவுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு தார்ப்பாய் போதும். 3 மீட்டருக்கு 3 மீட்டர் பாயை விரித்து, வழக்கமான வேகத்தில், வழக்கமான திறப்பில் தூவிக்கொண்டே அதன் மேல் செல்லுங்கள். பாயில் விழுந்ததைக் கூட்டி எடை போடுங்கள். 180 கிராம் வந்தால் சரி. நாங்கள் முதலில் செய்தபோது அரைக் கிலோவுக்கு மேல் வந்தது, யாரும் நம்பவில்லை, தராசு கெட்டுவிட்டது என்று மறுபடி போட்டார்கள். தராசு நன்றாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு திறப்புக்கும் எத்தனை கிராம் என்று எழுதிக் கருவியிலேயே ஒட்டிவிடுங்கள். உப்பின் மணி அளவு மாறினால் இந்தக் கணக்கும் மாறும், அதனால் புதுச் சரக்கு வரும்போதெல்லாம் ஒருமுறை திரும்ப அளக்க வேண்டும். சக்கரத் தூவியின் புல்வெளிப் பக்கம் ஒரு தடுப்புத் தகடு மாட்டினால் சிதறல் குறையும்.

வாசல்களில் வாளி வைத்திருப்பீர்கள். அதற்குள் இருக்கும் பெரிய அள்ளுகரண்டியை எடுத்துவிட்டு ஒரு காப்பிக் கோப்பையைப் போடுங்கள். சுமார் 350 மில்லி பிடிக்கும் கோப்பை நிறைய உப்பு, நடைபாதையின் பத்துச் சதுரக் கான்கிரீட் கட்டங்களுக்கு, அதாவது சுமார் 20 சதுர மீட்டருக்குப் போதும். வாளியின் மூடியில் இதை எழுதி ஒட்டினால் காவலாளி முதல் பேராசிரியர் வரை யார் எடுத்தாலும் அளவு மாறாது.

படி 5: முதலில் பனியை வாருங்கள், பிறகுதான் உப்பு

உப்பின் வேலை பனியை முழுக்க உருக்குவது இல்லை. தரைக்கும் ஐஸுக்கும் உள்ள பிடிப்பை விடுவிப்பதோடு அதன் வேலை முடிந்தது. பத்து சென்டிமீட்டர் பனியின் மேல் உப்பைப் போட்டால் அது நீர்த்துப்போய்க் கீழே இறங்குவதற்குள் மறுபடி உறையும். ஆகவே சீக்கிரம் வாருங்கள், அடிக்கடி வாருங்கள். ஆயிரம் காலடிகள் பட்டு மிதிபட்ட பனி ஐஸாகிவிடும், அதற்கப்புறம்தான் செலவு. காலை முதல் வகுப்புக்கு முன் ஒரு சுற்று வாருவது, எட்டரை மணிக்கு மேல் மூன்று சுற்று உப்புக்குச் சமம் என்பது என் அனுபவம்.

நடைபாதைகளுக்கு டிராக்டரில் மாட்டும் சுழல் துடைப்பம் மிக நல்லது. பனி வாரும் வண்டியின் கத்தி (முன்னால் மாட்டும் தகடு) தொடாத பள்ளம் மேடெல்லாம் துடைத்துவிடும். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் சைக்கிள் பாதைகளை இப்படித்தான் பராமரிக்கிறார்கள். வண்டியின் முன்னால் துடைப்பம், பின்னால் உப்புக்கரைசல் தெளிப்பான், ஒரே ஓட்டத்தில் இரண்டு வேலை. கார் நிறுத்துமிடத்துக்குப் பல துண்டுகளாகப் பிரிந்த கத்தி நல்லது, தரையின் வளைவுக்கு ஏற்றபடி ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும். படிக்கட்டுக்கு? மண்வாரியும் ஐஸ் சுரண்டியும் மனிதக் கையும்தான். அதற்கு வேறு வழி இன்னும் வரவில்லை.

படி 6: பனிக்கு முன்பே கரைசல் தெளியுங்கள்

சமையலறையில் தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு ஒட்டிக்கொண்ட பிறகு எண்ணெய் ஊற்றிச் சுரண்டுவதைவிட முதலிலேயே கொஞ்சம் தடவிவிடுவது எளிது. பனி விழுவதற்குச் சில மணி நேரம் முன்பிருந்து ஒரு நாள் முன்புவரை உப்புக்கரைசலைத் தரையில் தெளித்துவிட்டால் பனி தரையோடு ஒட்டாது, வாரும்போது சுத்தமாக வந்துவிடும்.

கரைசலின் எடையில் 23.3 சதவீதம் உப்பு இருக்க வேண்டும். நூறு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 30 கிலோ உப்பு. இந்த அளவில்தான் கரைசலின் உறைநிலை மிகக் கீழே, மைனஸ் 21 டிகிரி வரை போகும். குறைந்தால் சீக்கிரம் உறையும் என்பது புரிகிறது. கூடினாலும் அப்படித்தான், உப்புப் படிகம் பிரிந்து குழாயை அடைக்கும். எனவே கண்ணளவு வேண்டாம், திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பாருங்கள், ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.17-லிருந்து 1.18-க்குள் இருந்தால் சரி.

சதுர மீட்டருக்கு 20 முதல் 30 மில்லி தெளித்தால் போதும். அதில் இருக்கும் உப்பு ஆறிலிருந்து எட்டு கிராம். 20 கிராம் உலர் உப்போடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு. முழுத் தரையையும் நனைக்காமல் கோடு கோடாகத் தெளியுங்கள், நடுவே காய்ந்த இடம் இருந்தால் நடப்பவருக்குப் பிடிப்பு இருக்கும். சின்ன வளாகத்துக்கு முதுகில் மாட்டும் தெளிப்பானே தொடக்கத்துக்குப் போதும்.

தெளிக்கக் கூடாத நேரங்களும் உண்டு. மழையாகத் தொடங்கிப் பனியாக மாறும் என்று முன்னறிவிப்பு சொன்னால் தெளிக்காதீர்கள், எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். காய்ந்த தரையில் பொடிப்பனி காற்றில் பறந்து போய்க்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள், ஈரம்தான் அதைப் பிடித்து ஒட்டவைக்கும். தரை மைனஸ் 9-க்குக் கீழே இருந்தாலும் வேண்டாம். தெளித்த இடத்தில் பனியே வரவில்லை என்றால் அடுத்த நாள் பழக்கதோஷத்தில் மறுபடி தெளிக்காதீர்கள், பழையது தரையிலேயேதான் இருக்கும்.

கல் உப்புதான் போட வேண்டியிருக்கிறது என்றால் அதையும் கரைசலில் நனைத்துப் போடுங்கள். டன்னுக்கு 30 முதல் 40 லிட்டர். உலர்ந்த மணி தரையில் பட்டுத் துள்ளிப் புல்லுக்குள் போய்விடும், நனைந்தது விழுந்த இடத்தில் இருக்கும். அதோடு உப்பு கரைய ஈரம் வேண்டுமே, அதையும் கையோடு கொண்டுபோகிறது.

படி 7: கடுங்குளிரும் "பசுமை" மூட்டைகளும்

மைனஸ் 9-க்குக் கீழே மக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் வேலை செய்யும். விலை அதிகம், அவற்றிலும் குளோரைடுதான். முக்கிய வாசல், சரிவுப் பாதை தவிர வேறெங்கும் போடாதீர்கள். மற்ற இடங்களில் பிடிப்புக்காகக் கரடு மணலோ சின்னக் கல்லோ தூவலாம். மணல் எதையும் உருக்காது. உப்போடு கலந்தால் இரண்டும் கெட்டது, மணல் கரைசலில் மூழ்கும், உப்பு மணலுக்கடியில் மாட்டும். வசந்தத்தில் கூட்டி அள்ளாவிட்டால் மணல் வடிகாலையும் அடைக்கும்.

பீட்ரூட் சாறு கலந்தது, சோளக் கழிவிலிருந்து செய்தது என்றெல்லாம் விற்கிறார்கள். கரைசல் தரையில் ஒட்டி நிற்க அவை உதவும், உண்மை. ஆனால் அவை ஆற்றுக்குள் போய் அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்ஸிஜனைத் தின்னும். குளோரைடு இல்லாத அசிடேட் வகைப் பனி உருக்கிகளும் அப்படித்தான். யூரியா போட்டால் நைட்ரஜன் போய்ச் சேரும். மூட்டையில் பச்சை இலைப் படமும் நாய்க்குட்டிப் படமும் இருந்தால் உடனே நம்பாமல் பின்பக்கம் திருப்பி உட்பொருளைப் படியுங்கள். பல மூட்டைகளில் முக்கால்வாசி சாதாரண உப்புதான்.

படி 8: ஒப்பந்தத்தையும் பயத்தையும் திருத்துங்கள்

கார் நிறுத்துமிடங்களை ஒப்பந்ததாரர் பார்க்கிறார் என்றால் அவருக்குப் பணம் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். போட்ட டன்னுக்கு இவ்வளவு என்றால் அவர் ஏன் குறைக்கப் போகிறார்? பருவத்துக்கு ஒரு தொகை, அல்லது தரை எப்படி இருக்க வேண்டும் என்பதை வைத்து ஒரு தொகை என்று மாற்றுங்கள். அளவு திருத்திய கருவி, பயிற்சிச் சான்றிதழ், அதே ஏழு கட்டப் பதிவேடு ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

சட்டத் துறை கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "யாராவது விழுந்து வழக்குப் போட்டால்?" இதற்குப் பதில் பதிவேடுதான். இத்தனை மணிக்கு வாரினோம், தரை இத்தனை டிகிரி, இத்தனை கிராம் போட்டோம் என்று காட்ட முடிந்தால் "நிறையப் போட்டோம்" என்பதைவிட அது எவ்வளவோ வலுவான பதில். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் ஒருபடி மேலே போய், பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கிய ஒப்பந்ததாரர்களுக்கும் அவர்களை அமர்த்தும் உரிமையாளர்களுக்கும் இத்தகைய வழக்குகளில் சட்டப் பாதுகாப்பே கொடுக்கிறது.

மாணவர்களிடமும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். எந்தப் பாதை முதலில் சுத்தமாகும், எந்தப் படிக்கட்டு மூடியிருக்கும் என்று ஒரு வரைபடம், வழுக்கும் இடத்தைப் புகைப்படத்தோடு தெரிவிக்க ஒரு எண். "உப்பு போதவில்லை" என்று வரும் புகாரையெல்லாம் இடம்வாரியாகக் குறித்து வைத்தால் அவற்றில் பாதி ஒரே ஐந்தாறு இடங்களைப் பற்றியதாக இருக்கும். போய்ப் பார்த்தால் அங்கே ஒரு தண்ணீர்க் குழாய் நிற்கும்.

படி 9: பனி போன பிறகு

மிச்ச உப்பைக் கூரைக்குக் கீழே, தண்ணீர் புகாத தரையில் வையுங்கள். வெட்டவெளியில் குவித்தால் ஒரு மழைக்காலத்தில் கரைந்துபோகும் உப்பு, நீங்கள் குளிர்காலம் முழுக்கச் சேமித்ததைச் சாப்பிட்டுவிடும். கருவிகளைக் கழுவி எண்ணெய் போடுங்கள். காய்ந்த தரையில் உப்பு கிடந்தால் மழைக்கு முன் கூட்டி எடுத்து மறுபடி வாளியில் போடுங்கள், அது இன்னும் நல்ல உப்புதான்.

வளாகத்தில் குளமோ ஓடையோ இருந்தால் உயிரியல் துறை மாணவர்களிடம் ஒரு மின்கடத்துதிறன் மானியைக் (தண்ணீரில் உப்பு கூடினால் அதன் அளவும் கூடும்) கொடுத்து வாரம் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். பனி உருகும் நாட்களில் முள் எகிறும், அது எதிர்பார்த்ததுதான். நான் கவனிக்கச் சொல்வது கோடையில் எடுக்கும் அளவை. பல மாதம் உப்பே போடாத நாளில், மழையும் இல்லாதபோது ஓடையில் வருவது நிலத்தடி நீர். அதில் அளவு உயர்ந்தே இருந்தால் பழைய குளிர்காலங்களின் உப்பு இன்னும் நிலத்துக்கடியிலிருந்து கசிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், நீங்கள் குறைத்தது ஓடையில் தெரியச் சில வருடங்கள் ஆகும். அந்த எண்ணைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்து, அடுத்த பருவத்துக்கு உப்பு ஆர்டர் போடும் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.